மரம் நிற்கும், கேட் பூட்டிக்கொள்ளும்

அரசு தன் காட்டைத் தனியாருக்கு விற்கப்போகிறது என்று கேள்விப்பட்டால், 'மரத்தையெல்லாம் வெட்டிவிடுவார்களே' என்றுதான் நீங்கள் முதலில் பதறுவீர்கள். 2010-ம் ஆண்டு இறுதியில் இங்கிலாந்தில் இந்தப் பேச்சு எழுந்தபோது அங்குள்ள மக்களும் அப்படித்தான் பதறினார்கள். ஆனால், ஓரளவுக்கு மேல் மரம் வெட்ட அங்கே தனியாரும் உரிமம் வாங்கியாக வேண்டும். காடு கைமாறினாலும் அந்தச் சட்டம் மாறாது. இழப்பு வேறு இடத்தில் இருந்தது.

முதல் உலகப் போரில் மரத்துக்குத் தவித்த பிரிட்டன், 1919-ல் வனவியல் ஆணையத்தை அமைத்தது. இங்கிலாந்தில் மட்டும் அதன் பொறுப்பில் இருந்த காடு சுமார் 2.58 லட்சம் ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஆறு லட்சத்துக்கும் மேல். 2011 ஜனவரி 27 அன்று அரசு தன் திட்டத்தை வெளியிட்டது. மர உற்பத்திக்கான பெரிய காடுகளை 150 ஆண்டு வரை குத்தகைக்கு விடுவது, பெயர்பெற்ற பழைய காடுகளை அறக்கட்டளைகளிடம் ஒப்படைப்பது, சிறு காடுகளை ஊர் மக்களே வாங்க வாய்ப்புத் தருவது, அவர்களால் முடியாவிட்டால் சந்தையில் விற்பது. வரிப்பணத்தில் வளர்ந்த காட்டை ஊரார் மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம்!

இனி கேட் விஷயத்துக்கு வருவோம். இந்தக் காடுகளில் பெரும்பாலானவற்றில் நடந்து செல்லும் உரிமை சட்டப்படி பொதுமக்களுக்கு உண்டு. யார் வாங்கினாலும் அது தொடரும். சைக்கிளில் போவது, குதிரையில் போவது, வண்டியை நிறுத்துவது எல்லாம் அப்படியல்ல. உரிமையாளர் மனம் வைத்தால்தான் உண்டு. அரசு உரிமையாளராக இருந்தவரை யாரும் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கோனிஸ்டன் ஏரிக்கு அருகே ஒரு சிறு காடு விற்கப்பட்ட பிறகு, அங்கிருந்த வாகன நிறுத்துமிடம் பூட்டப்பட்டதாகப் புகார் எழுந்தது. நடக்கும் உரிமை ஏட்டில் அப்படியே இருக்கிறது. வண்டியை நிறுத்த இடமில்லாதவர் எங்கிருந்து நடந்து வருவார்?

இதை முன்கூட்டியே புரிந்துகொண்டவர்கள், குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தின் டீன் காட்டுக்காரர்கள். நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கில் ஆடு மேய்வதுபோல, அங்கே செம்மறிகள் காட்டிலும் சாலையோரத்திலும் தலைமுறை தலைமுறையாக மேய்கின்றன. அந்தப் பகுதியில் பிறந்து, 21 வயது தாண்டி, அங்குள்ள சுரங்கத்தில் ஓராண்டும் ஒரு நாளும் உழைத்தவர் சொந்தமாக நிலக்கரி வெட்டலாம் என்ற பழைய உரிமையும் உண்டு. அரசுக் காடுகளை விற்க வழிசெய்த 1981-ம் ஆண்டுச் சட்டத்தில், டீன் காட்டுக்கு மட்டும் போராடி விலக்குப் பெற்றிருந்தார்கள். 2010-ல் வந்த புதிய மசோதா அந்த விலக்கையே அசைத்தது.

2011 ஜனவரி 3, கடுங்குளிரில் சுமார் 3,000 பேர் காட்டுக்குள் திரண்டார்கள். நாடு முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விற்பனைக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டார்கள். ஆளும் கட்சி எம்.பி.க்களிடமும் முணுமுணுப்புக் கிளம்பியது. பிப்ரவரி 17 அன்று சுற்றுச்சூழல் அமைச்சர் கரோலைன் ஸ்பெல்மன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு, திட்டத்தைக் கைவிட்டார்.

அடுத்து, லிவர்பூல் பிஷப் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அது 2012 ஜூலையில் தந்த அறிக்கையில் உள்ள கணக்கை வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம். இந்தக் காடுகளுக்காக அரசுக்கு ஆண்டுக்கு ஆகும் நிகரச் செலவு சுமார் 2 கோடி பவுண்டு. மக்கள்தொகையில் வகுத்தால் ஆளுக்கு 40 பென்ஸ்கூட வராது. மக்களுக்குக் கிடைக்கும் பலனோ சுமார் 40 கோடி பவுண்டு என்று குழு மதிப்பிட்டது. விற்றால் விலை ஒரு முறைதான் வரும். அந்தப் பலன் ஆண்டுதோறும் வந்துகொண்டிருப்பது.

காடுகள் பொதுச் சொத்தாகவே நீடிக்க வேண்டும் என்றது குழு. 2013 ஜனவரியில் அரசு அதை ஏற்றுக்கொண்டது.