உங்களுக்குத் தெரியுமா? லிப்டனின் பாய்களும் கண்டிச் சீமையும்

1899இல் நியூயார்க் கடலில் 'ஷாம்ராக்' என்ற பெரிய பந்தயப் பாய்க்கப்பல் ஓடியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அதன் படங்களைக் கண்ணாடி நெகட்டிவ்களாக இன்றும் காத்துவருகிறார்கள். கப்பலின் உரிமையாளர் தேயிலைப் பொட்டலத்தில் நாம் பெயர் பார்க்கும் தாமஸ் லிப்டனேதான்! ஷாம்ராக் ஓடிய பந்தயத்தை எடிசன் நிறுவனம் சலனப்படமாகவும் எடுத்தது. முடிவுகளை மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியில் அனுப்பினார்.

லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கம் தோட்டங்கள் வாங்கினார். தம்பத்தென்னை அவற்றில் ஒன்று. அங்கே கொழுந்து கிள்ளியவர்கள் தமிழர்கள். கண்மாய் வறண்டால் கமுதி உள்ளிட்ட ராமநாதபுரச் சீமைக்குப் பிழைப்பு ஏது? ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னால், கண்டிச் சீமை என்று அழைத்த இலங்கை மலைநாட்டுக்குப் போனார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். கப்பல் ஏறுவதற்கு முன்னால் முகாமில் தங்கவைத்து மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். அந்த இடத்துக்கு இன்றும் மண்டபம் கேம்ப் என்றே பெயர்.

மளிகையிலும் தேயிலையிலும் சேர்ந்த பணத்தில் லிப்டன் ஐந்து ஷாம்ராக்குகள் கட்டி 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை அமெரிக்கக் கோப்பை என்ற அந்தப் பாய்க்கப்பல் பந்தயத்தில் போட்டியிட்டார். ஐந்திலும் தோல்வி. 1903இல் அவரை வென்ற 'ரிலையன்ஸ்' விரித்த பாய் மட்டும் 16,000 சதுர அடிக்கு மேல்! அந்தப் பழைய படங்களில் கப்பல் பெயர் இருக்கும், முதலாளி பெயர் இருக்கும். கொழுந்து கிள்ளிய கைகளுக்கு அங்கே இடமில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம்.

அந்தக் காலத்தில் இப்படிப் பாய்க்கப்பல்களைப் படமெடுப்பது லேசான வேலையல்ல. இங்கிலாந்தின் கௌஸ் ஊரில் மருந்துக்கடைக் குடும்பத்தில் வளர்ந்த பிராங்க் பீக்கன், ஆடும் படகில் நின்று கனத்த மரப்பெட்டிக் கேமராவை இரு கைகளாலும் பிடித்துக்கொள்வார். விசையை அழுத்தக் கை ஏது? வாயில் வைத்த ரப்பர் பந்தைக் கடிப்பார், ஷட்டர் திறக்கும். அமெரிக்காவில் மோரிஸ் ரோசன்பெல்டு குடும்பம் எடுத்துக் குவித்த, சேர்த்துவைத்த படங்கள் மிஸ்டிக் கடல் அருங்காட்சியகத்தில் சுமார் 10 லட்சம் இருக்கின்றன.

தமிழர் கட்டிய பாய்க்கப்பலும் அமெரிக்கா போயிருக்கிறது. சிறுபடகில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் ராபின்சன், இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யை விலைக்கு வாங்கினார். கப்பல் தலைவரான தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் அதைப் பாய்விரித்து ஓட்டிக்கொண்டு 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். அந்தக் கப்பலின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன.