எண்ணத்திற்கு இடம் உண்டோ?

"சுவாமி, மூளை தேய்ந்து என் தாயார் என் பெயரையே மறந்துவிட்டார். எண்ணமும் விசுவாசமும் வெறும் சதைதானோ?" எனப் பங்கு மகன் ஒருவர் கண்கலங்க வினவினார்.

கனடாவின் மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்னும் அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கையிலேயே அவர்தம் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டார். சிலர் பண்டு கேட்ட இசையை மீண்டும் கேட்டனர். சிலருடைய கை அசைந்தது. ஆனால் அசைத்தது தாமல்லர், மருத்துவரே என்றனர் அவர்கள்! ஒருவரை நம்பவோ தீர்மானிக்கவோ செய்யும் இடம் எதனையும் தாம் காணவில்லை என 1975-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார். இதனை முடிந்த முடிபாக நான் கொள்ளேன், காணாமை இன்மையாகிவிடாது.

மூளை பழுதுற்றால் சிந்தனை தடைப்படும் என்பதைப் புனித தோமாஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே ஒப்புக்கொண்டார். சிந்திக்க உடல் தரும் மனச்சாயல்கள் வேண்டும்; எனினும் அறிவாற்றல் ஓர் உடலுறுப்பின் செயலன்று என்பது அவர் துணிபு. நீதி என்னும் கருத்துக்கு எடை ஏது, நிறம் ஏது?

அந்த அம்மையாரைக் காணச் சென்றேன். மகனை அவர் அறிந்திலர். செபமாலையைக் கையில் கொடுத்ததும் உதடுகள் மங்கள வார்த்தை செபத்தை முணுமுணுத்தன. பழக்கத்தின் தடம் மூளையில் எஞ்சியுள்ளது என்பர் மருத்துவர், இருக்கலாம்.

"இனியும் நற்கருணை கொண்டுவருவீர்களா, சுவாமி?" என்றார் மகன்.

முதல் வெள்ளிதோறும் சென்று வருகிறேன்.