கிளை தாவத் தெரியாத தேவாங்கு

அரிய விலங்கு என்று பேச்செடுத்தால் நம் நினைப்பு மடகாஸ்கருக்கும் அமேசானுக்கும் போய்விடுகிறது. திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் வருகிறவர்கள், அய்யலூர்ப் பக்கம் சன்னலுக்கு வெளியே தெரியும் கரட்டையும் உடைமரக் காட்டையும் பார்த்துவிட்டு, ‘வெறும் பொட்டல்’ என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத விலங்கு ஒன்று அந்த முள்ளுக்குள் பகல் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் தேவாங்கு.

நோஞ்சானாக இருப்பவரைத் திட்ட இந்தப் பெயரை எடுக்கிறோம். திட்டுகிறவர்களில் பலர் அதை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எடை ஏறக்குறைய கால் கிலோ. வால் கிடையாது. குச்சி குச்சியாய்க் கை கால். முகத்தின் பாதியைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கிப் பார்க்கும் இரண்டு உருண்டைக் கண்கள். குரங்கும் மனிதனும் அடங்கிய முதனி வரிசையில்தான் தேவாங்கும் வருகிறது. ஆனால் குரங்கைவிட லெமூருக்குத்தான் நெருங்கிய சொந்தம். மடகாஸ்கரில் ஒரு காலத்தில் கொரில்லா அளவுக்குப் பெரிய லெமூர்கள் இருந்தன. மனிதர்கள் அந்தத் தீவில் குடியேறிய பிறகு அவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. இங்கே, உருவத்தில் சிறுத்து, இரவில் மட்டும் நடமாடும் உறவுக்காரன் தப்பித்துக்கொண்டான்.

தேவாங்கின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. விளக்கடித்தால் இரண்டு கண்களும் தணல்போல மின்னும். இருட்டில் கணக்கெடுக்கப் போகிறவர்கள் நம்பியிருப்பது இந்த மினுக்கத்தைத்தான். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் டார்ச்சில் சிவப்புக் காகிதத்தைக் கட்டிக்கொள்வார்கள்.

1990களின் பிற்பகுதியில் ஆய்வாளர் அன்னா நெகாரிஸ் அய்யலூர்க் காட்டில் மாதக்கணக்கில் இரவிரவாகத் தேவாங்குகளின் பின்னால் நடந்தார். இதைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் நல்ல பங்கு அந்த நடையில் கிடைத்தது. தேவாங்கு பழந்தின்னி அல்ல. அய்யலூரில் அதன் உணவு அநேகமாக முழுக்கவே பூச்சிகளும் சிறு பிராணிகளும்தான். எறும்பும் கறையானும் அதில் முக்கியம். கடிக்கிற, நெடி வீசுகிற பூச்சிகளையும் விடாது. அப்படிப்பட்ட இரையைப் பிடிக்கும்போது தன் சிறுநீரையே கையிலும் காலிலும் தேய்த்துக்கொள்ளும். நமக்கு அருவருப்பாக இருக்கலாம்; அதற்கு அது வேலைக்கான ஏற்பாடு. இரை தேடும்போது பெரும்பாலும் தனியாள். பொழுது விடியும் நேரத்தில் சில தேவாங்குகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒரே பந்தாகச் சுருண்டு உறங்குவதும் உண்டு.

இதன் குடும்பத்திலேயே குட்டைத் தேவாங்கு என்று சொல்லத்தக்க இன்னொரு வகை நம் வடகிழக்கு மாநிலங்களிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உண்டு. கைபேசியில் சுற்றும் காணொளிகளில், கிச்சுக்கிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்குமே, அதுதான். பார்க்கிறவர்கள் கொஞ்சல் என்று நினைக்கிறார்கள். முழங்கைப் பக்கம் சுரக்கும் நஞ்சை வாய்க்குக் கொண்டுபோக அது எடுக்கும் தற்காப்பு நிலை அது. நம் ஊர்த் தேவாங்குக்கு நஞ்சும் கிடையாது. ஆபத்து என்றால் கிளையோடு கிளையாய் அசையாமல் நின்றுவிடும். அப்படி மணிக்கணக்கில் கிளையைப் பற்றினாலும் கை மரத்துப்போகாமல் இருக்க, கை கால்களில் ரத்தக் குழாய்கள் மெல்லிய வலைப்பின்னலாகப் பிரிந்து ஓடுகின்றன.

மரநாயையோ ஆந்தையையோ ஏமாற்ற இது போதும். லாரியை ஏமாற்ற முடியாது. குரங்குபோலத் தாவ தேவாங்குக்குத் தெரியாது. அடுத்த கிளையைக் கையால் எட்டிப் பிடித்த பிறகுதான் முந்தையதை விடும். இரண்டு மரங்களுக்கு நடுவே கிளை தொடாவிட்டால் தரையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். நான்குவழிச் சாலையோ, முள்ளை வெட்டி எடுத்த இடைவெளியோ, நமக்கு அது ஒரு வழி. அதற்கு அதுவே முட்டுக்கட்டை. மின்கம்பியைக் கொடியென்று பற்றிச் செத்தவையும் உண்டு. இதோடு, தேவாங்கின் கண்ணில் மருந்து இருக்கிறது, மாந்திரீகத்துக்கு ஆகும் என்ற கதைகளை நம்பிப் பிடித்தவர்களும் இருந்தார்கள். அந்தக் கண்ணில் எந்த மருந்தும் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்போடு இருக்கிற விலங்கு இது.

இரவு விலங்குகளிடம் இன்னொரு சிக்கல்: யாரும் பார்க்கவில்லை என்பதாலேயே அழிந்ததாக எழுதிவிடுவார்கள். இலங்கையின் ஹோட்டன் சமவெளியில் வாழும் தேவாங்கை 1939க்குப் பிறகு அப்படித்தான் முடிந்த கதை என்று நினைத்திருந்தார்கள். 2002இல் ஒன்று கண்ணில் பட்டது. ஆந்திரத்தின் கடப்பைப் பக்கத்து முட்காட்டில் ஜெர்டான் ஓடும்பறவை 1986இல் திரும்பக் கிடைத்ததும் இதே கதை. அதுவும் இரவுப் பறவைதான். ‘தரிசு’ என்று தாளில் எழுதப்பட்ட நிலத்தில் இரவில் எத்தனை உயிர் நடமாடுகிறது என்று தேடாமலே அழிவுக் கணக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

திண்டுக்கல் அந்த வகையில் கொடுத்துவைத்தது. தேடினார்கள், கிடைத்தது. 2022 அக்டோபரில் கரூர் மாவட்டத்துக் கடவூரையும் திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு வட்டங்களையும் சேர்த்து 11,806 ஹெக்டேர் காட்டைத் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று அறிவித்தது. நாட்டில் தேவாங்குக்கென்றே அமைந்த முதல் சரணாலயம் இது. மழைக்காட்டையும் புலிக்காட்டையும் விட்டு, முட்காட்டுக்கு இந்த மரியாதை கிடைத்தது பெரிய விஷயம்.

ஆனால் தேவாங்குக்கு எல்லைக் கல்லைப் படிக்கத் தெரியாது. சரணாலயத்துக்கு வெளியே, கடலை, சோளக் காடுகளின் ஓரத்து வேலிகளிலும் அது நடமாடும். கிளுவையும் வேம்பும் உடையுமாக உயிர்வேலி இருந்தவரை ஒரு கரட்டிலிருந்து அடுத்த கரட்டுக்கு அதற்குப் பாதை இருந்தது. போகிற வழியில் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் பொறுக்கித் தின்றது. வேலியை வெட்டிக் கல்தூணும் கம்பியும் நட்டால் பாதை அங்கேயே அறுந்துபோகும். சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டலாம். ஆயிரம் வயல்களுக்கு நடுவே யார் கட்டுவது? என்னைக் கேட்டால், சரணாலயத்துக்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கு, உயிர்வேலியை விட்டுவைக்கும் விவசாயிக்கு ஏதாவது தொகையாகப் போக வேண்டும்.

சரணாலயத்தை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. தாய்த் தேவாங்கு இரை தேடப் போகும்போது குட்டியைக் கிளையில் ‘நிறுத்திவிட்டு’ப் போகும், திரும்பி வந்து தூக்கிக்கொள்ளும். வேலியில் குட்டி தனியாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது அநாதை என்று வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மற்றபடி விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தாய் பக்கத்து மரத்தில்தான் இருக்கும், நீங்கள் போவதற்காக அசையாமல் நின்றுகொண்டு.