சம்பள நாளும் வயலின் ஓரமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றுத் திருத்தப்பட்டது.)

இன்னைக்குப் பணத்தைப் பத்திப் பேசப் போறோம். உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க, கடைசியில காணிக்கை எல்லாம் கேட்க மாட்டேன்.

எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "தசமபாகத்தை வரி, பிஎஃப் எல்லாம் பிடிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற சம்பளத்துல கணக்குப் போடணுமா, இல்ல கைக்கு வர்றதுலயா?" இன்னொரு கேள்வி கொஞ்சம் தயங்கித் தயங்கி வரும். "படிப்புக் கடன், ரூம் வாடகை, ஊருக்கு அனுப்புறது எல்லாம் போனா ஒண்ணும் மிஞ்சறதில்ல. இந்த மாசம் தசமபாகம் போடலன்னா ஆசீர்வாதம் நின்னுடுமா?"

முதல் கேள்வியில கணக்கு இருக்கு, ரெண்டாவதுல பயம் இருக்கு. ரெண்டுக்கும் பதில் தேடும்போது, நாம அதிகம் பிரசங்கம் கேட்காத ஒரு பகுதி எனக்கு ரொம்ப உதவியா இருந்தது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொல்கிற சட்டம். இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

தசமபாகம் யாருக்குப் போனது?

முதல்ல தசமபாகத்தையே கொஞ்சம் பார்த்துடுவோம். பழைய ஏற்பாட்டில் அது பெரும்பாலும் விளைச்சலிலும் கால்நடையிலும் கொடுக்கப்பட்டது. எண்ணாகமம் 18-ல அது லேவியருக்குன்னு சொல்லப்படுது. காரணம் ரொம்பத் தெளிவு: மற்ற கோத்திரங்களுக்கு நிலம் கிடைச்சுது, லேவியருக்கு நிலத்துல பங்கு இல்லை. ஆலய வேலையைச் செய்யறவங்க சாப்பிடணும் இல்லையா?

உபாகமம் 14-க்குப் போனா இன்னும் சுவாரஸ்யம். அங்கே குடும்பமா ஆண்டவருடைய சந்நிதிக்குப் போய், தசமபாகத்தை அங்கேயே சேர்ந்து சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பங்கை ஊரிலேயே சேர்த்து வைக்கணும். யாருக்கு? லேவியருக்கு, வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவருக்கு, அப்பா இல்லாத பிள்ளைக்கு, விதவைக்கு. அவங்க வந்து வயிறு நிறையச் சாப்பிடணும்.

அப்போ தசமபாகம்னா மேலே இருக்கிற கடவுளுக்கு நாம கட்டுற மாசத் தவணை இல்லை. நிலம் இல்லாதவங்களும் சாப்பிடணும்ங்கிற ஏற்பாடு அது.

மல்கியாவுல நாம தாண்டிப் போற வசனம்

பயத்தோட வர்ற அந்த ரெண்டாவது கேள்விக்குப் பின்னாடி பெரும்பாலும் மல்கியா 3-ஆம் அதிகாரம் இருக்கும். தசமபாகத்தைக் கொண்டு வரலன்னா அது கடவுளை வஞ்சிக்கிறதுன்னு சொல்ற 8 முதல் 10 வரை உள்ள வசனங்கள். நம்மில் நிறைய பேருக்கு அது மனப்பாடம்.

ஆனா அதே அதிகாரத்துல 5-ஆம் வசனத்தை எத்தனை பேர் கவனிச்சிருக்கோம்? கடவுள் யாருக்கு எதிரா சாட்சியா வந்து நிற்பார்னு அங்கே ஒரு பட்டியல் வருது. கூலிக்காரருடைய கூலியில் கைவைக்கிறவங்க, விதவையையும் அப்பா இல்லாத பிள்ளையையும் ஒடுக்குறவங்க, வெளியூர்க்காரருக்கு நியாயம் கிடைக்காமல் பண்றவங்க. தசமபாகம் பேசப்படுறது அதுக்கு அப்புறம்தான்.

இயேசு மத்தேயு 23-ல பேசுறதும் இதே திசைதான். புதினா, சீரகம் மாதிரி சின்னச் சின்னச் செடியிலகூட பத்துல ஒண்ணு எண்ணிக் கொடுத்துட்டு, நியாயத்தையும் இரக்கத்தையும் விட்டுட்டவங்களை அவர் கண்டிக்கிறார். தசமபாகம் கொடுத்தது தப்புன்னு அவர் சொல்லல. அதையும் செய்யணும், இதையும் விடக்கூடாதுன்னுதான் சொல்றார். ஆனா எது கனமானதுன்னு அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

வரிக்கு முன்னாடியா, பின்னாடியான்னு கவலைப்படுற நாம, வீட்டு வேலை செய்யற அக்காவுக்கு 1-ஆம் தேதி சம்பளம் கொடுத்தோமான்னு அதே அக்கறையோட கேட்குறோமா?

ஓரத்தை அறுக்காதே

இப்போ லேவியராகமம் 19-க்கு வருவோம். அறுவடை செய்யும்போது வயலின் ஓரம் வரைக்கும் அறுக்கக் கூடாது. கீழே சிந்தின கதிரைத் திரும்பப் போய்ப் பொறுக்கக் கூடாது. திராட்சைத் தோட்டத்தைத் துடைச்சு எடுக்கக் கூடாது. அதெல்லாம் ஏழைக்கும் பரதேசிக்கும்.

"பரதேசி" நம்ம ஊர்ல திட்டுற வார்த்தை ஆகிடுச்சு. பழைய தமிழ் பைபிள்ல அதுக்கு அர்த்தம், சொந்த ஊரை விட்டு நம்ம ஊருக்குப் பிழைக்க வந்தவர். இன்னைக்கு சென்னையில யாருன்னு யோசிச்சுப் பாருங்க. மெட்ரோ வேலையில சிமெண்ட் தூக்குற பீகார் தம்பி, அபார்ட்மெண்ட் வாசல்ல ராத்திரி உட்கார்ந்திருக்கிற ஒடிசா அண்ணன். நாம திட்டுறதுக்கு வெச்சிருக்கிற அதே வார்த்தையில, பைபிள் அவங்களுக்கு வயல்ல ஒரு இடம் ஒதுக்குது.

உபாகமம் 24-ல இன்னும் கொஞ்சம் விளக்கம் இருக்கு. வயல்ல ஒரு கட்டை மறந்து வெச்சுட்டு வந்துட்டியா? எடுக்கத் திரும்பிப் போகாதே. ஒலிவ மரத்தை ஒரு தடவை உலுக்கிட்டியா? மிச்சக் கிளைகளை ரெண்டாவது தடவை உலுக்காதே. இதே அதிகாரத்துலதான் கூலிக்காரருக்கு அன்னைக்குச் சூரியன் மறையறதுக்குள்ள கூலி கொடுக்கணும்ங்கிற கட்டளையும் இருக்கு.

இன்னொண்ணு கவனிங்க. தன்னைப் போலவே மத்தவங்களையும் நேசிக்கச் சொல்ற புகழ்பெற்ற கட்டளை, இயேசு இரண்டாவது பெரிய கட்டளைன்னு எடுத்துச் சொன்னது, அது இதே லேவியராகமம் 19-ல, 18-ஆம் வசனத்துல இருக்கு. வயலோரம் 9-ஆம் வசனம், கூலி 13-ஆம் வசனம், அன்பு 18-ஆம் வசனம். அன்புங்கிறதை வாழ்த்து அட்டையில போடற வார்த்தையா அந்த அதிகாரம் பார்க்கல. கதிர், கூலி, கணக்கு இதெல்லாம் பேசிட்டுத்தான் அன்புக்கு வருது.

எவ்வளவு விடணும்?

தசமபாகத்துக்கு பத்துல ஒண்ணுன்னு அளவு இருக்கு. ஓரத்துக்கு எவ்வளவு? பைபிள்ல எண்ணே இல்லை. பின்னாடி வந்த யூத அறிஞர்கள் இதைப் பத்தி நிறைய விவாதிச்சாங்க. மிஷ்னா என்ற தொகுப்பில் இதற்கென்றே "பேயா" என்று ஒரு பகுதி இருக்கு. எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கு ஓரம், மூலை என்று பொருள். இதுக்கு அளவு கிடையாதுன்னு முதல்ல சொல்லிட்டு, ஆனா 60-ல ஒரு பங்குக்குக் குறையக் கூடாதுன்னு அடுத்து சொல்றாங்க.

நம்ம கணக்குல போட்டுப் பார்ப்போம். மாசம் 40,000 ரூபாய் கைக்கு வந்தா, 60-ல ஒண்ணு சுமார் 667 ரூபாய். வெளியில ரெண்டு பேர் ஒரு தடவை சாப்பிட்டா வர்ற பில். அது அடித்தளம் மட்டும்தான், மேலே எவ்வளவுங்கிறது உங்க மனசுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல.

ஏன் எண் இல்லைன்னு நான் யோசிப்பேன். எண் இருந்தா கட்டி முடிச்சுட்டு நிம்மதியா தூங்கிடலாம். எண் இல்லன்னா ஒவ்வொரு அறுவடையிலயும் வயலைச் சுத்தி நடந்து பார்க்கணும். யாரு வாசல்ல நிக்குறாங்கன்னு பார்த்துட்டுத்தான் அரிவாளை நிறுத்தணும்.

ரூத் பொறுக்கின வயல்

இந்தச் சட்டம் நடைமுறையில எப்படி இருந்ததுன்னு பார்க்க ரூத் புத்தகம் 2-ஆம் அதிகாரம் படிங்க. ரூத் மோவாப் தேசத்துப் பொண்ணு, புருஷனை இழந்தவள், மாமியார் நகோமியோட பெத்லகேமுக்கு வந்தவள். விதவை, வெளியூர்க்காரி, ஏழை. சட்டம் சொல்ற எல்லாப் பட்டியலிலயும் அவ பேர் இருக்கு.

போவாஸ் அவளைக் கூப்பிட்டு ஒரு மூட்டை கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனா அவ தன் கையால பொறுக்குறதுக்கு இடம் விடுறார். வேலையாட்கள்கிட்ட, கட்டுகளிலிருந்து வேணும்னே கொஞ்சம் கதிரை உருவிக் கீழே போடச் சொல்றார். அவளை அவமானப்படுத்தாதீங்க, அதட்டாதீங்கன்னும் சொல்றார். கொடுத்தது தெரியாமலே கொடுக்கிறது. போட்டோ இல்லை, ரீல்ஸ் இல்லை, பேனரும் இல்லை.

அந்த வயலோரத்துல பொறுக்கின பொண்ணோட கொள்ளுப்பேரன்தான் தாவீது. மத்தேயு 1-ல இயேசுவோட வம்ச வரலாற்றுல ரூத் பேர் இருக்கு. ஒரு விவசாயி ஓரம் வரைக்கும் அறுக்காம விட்ட இடத்துல நடந்த கதை அது.

வயல் இல்லாத நமக்கு

சரி, ஓஎம்ஆர்ல ஷேரிங் ரூம்ல இருக்கிற நமக்கு வயல் எங்கே? எனக்குத் தோணுற நாலு இடம் சொல்றேன்.

முதல்ல கூலி. தானம் பண்றதுக்கு முன்னாடி கடன் தீர்க்கணும். சமைக்கிற அக்கா, துணி தேய்க்கிற அண்ணன், இவங்க பணம் நம்மகிட்ட ஒரு ராத்திரிகூட அதிகமா தங்க வேண்டாம். நாம ஊருக்குப் போன நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காம விடுறதும் இதுல சேரும். லீவு எடுத்தது நாமதானே, அவங்க இல்லையே.

ரெண்டாவது, மரத்தை ரெண்டு தடவை உலுக்காம இருக்கிறது. மால்ல ஒட்டியிருக்கிற விலையை அப்படியே கொடுத்துட்டு, கீரைக்காரம்மாகிட்ட 5 ரூபாய்க்குப் பேரம் பேசுறோம். அந்த 5 ரூபாய் சிந்தின கதிர். அதைத் திரும்பப் போய்ப் பொறுக்க வேண்டாம். மழையில லேட்டா வந்த டெலிவரி தம்பிக்கு ஒரு ஸ்டார் போடாம இருக்கிறதும் அதே மாதிரிதான்.

மூணாவது, இஎம்ஐ. இதுதான் நம்ம தலைமுறையோட பெரிய விஷயம். சம்பளம் கூடின மாசமே போன், பைக், அப்புறம் கிரெடிட் கார்டுன்னு ஓரம் வரைக்கும் அறுத்துடுறோம். கேட்டா கொடுக்க மனசு இருக்கு, ஆனா வயல்ல ஒண்ணும் நிக்கல. அதனால அடுத்த இன்கிரிமெண்ட் வரும்போது, புது இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி ஓரத்தை முடிவு பண்ணிடுங்க. நான் இதுக்குன்னு தனியா ஒரு வங்கிக் கணக்கு வெச்சிருக்கேன். சம்பளம் வந்த அன்னைக்கே ஒரு தொகை அங்கே போயிடும். யாராவது ஆஸ்பத்திரிச் செலவுன்னு கேட்டா, கொடுக்கலாமா வேண்டாமான்னு அந்த நேரத்துல மனசோட சண்டை போட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே என் பணம் இல்லை.

இதுல புதுசா ஒண்ணுமில்லை. சமைக்கிறதுக்கு உலை வெக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியா எடுத்து வைக்கிற பிடி அரிசிப் பழக்கம் நம்ம பாட்டிகளுக்குத் தெரியும். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-லிருந்து இதைச் செய்யறாங்க. அந்தச் சபையோட ஊழியத்துக்கு அது ஒரு முக்கியமான வருமானம். அந்த அரிசி, சாப்பிட்டு மிஞ்சினது இல்லை. உலையில போடறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சது.

நாலாவது, நேரம். காலண்டர்ல ஒரு நிமிஷம்கூட காலியா இல்லன்னா, பக்கத்து ரூம்ல ஒருத்தர் உடைஞ்சு போயிருக்கிறது நமக்குத் தெரியவே தெரியாது. வாரத்துல ரெண்டு மணி நேரம் எதுக்கும் ஒதுக்காம விடுங்க. யாரு பொறுக்க வர்றாங்கன்னு பாருங்க.

பொறுக்குற பக்கம் நிக்கிறவங்களுக்கு

கடைசியா, அந்தத் தயங்கின கேள்வியைக் கேட்ட நண்பருக்கு. வீட்டுல முதல் சம்பாத்தியம் உங்களோடதா இருக்கலாம். அப்பா மருந்து, தங்கச்சி ஃபீஸ் எல்லாம் உங்க தலையில இருக்கலாம். பவுல் 2 கொரிந்தியர் 8-ல இதைத் தெளிவா சொல்றார்: மனசு இருந்தா, உங்ககிட்ட இருக்கிறதை வெச்சுத்தான் அது ஏத்துக்கப்படும், இல்லாததை வெச்சு இல்லை. மத்தவங்க சுகமா இருக்க நீங்க நசுங்கணும்னு அவர் கேட்கவே இல்லை. மாற்கு 7-ல, கடவுளுக்குக் காணிக்கைன்னு சொல்லிட்டுப் பெத்தவங்களைக் கைவிடறதை இயேசு கண்டிக்கிறார். அதனால ஊருக்கு நீங்க அனுப்புற பணத்தை விசுவாசத்துக்கு வெளியே இருக்கிற கணக்கா நினைக்காதீங்க.

சில வருஷங்கள் நாம போவாஸா இருப்போம். சில வருஷங்கள் ரூத்தா இருப்போம். ரூத் வயல்ல இறங்கினதுல வெட்கம் எதுவும் இல்லை. சபையில யாராவது உதவ வந்தா வாங்கிக்கோங்க. அது உங்களுக்குன்னு சட்டமே விட்டு வெச்ச இடம். அந்தப் பயத்தை மட்டும் கீழே வெச்சுடுங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. போன மாச வங்கி ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து, ஒரு ஜெபம் பண்ணிட்டு, மேலிருந்து கீழ படிங்க. ஓரம் எங்கே இருக்குன்னு தேடுங்க. இல்லன்னா குற்ற உணர்ச்சி வேண்டாம், அடுத்த மாசம் எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு ஒரு இடத்தை மட்டும் குறிச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல ஓய்வுநாளைப் பத்திப் பேசலாம். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் இருக்கிறவங்க உங்க கேள்விகளை அனுப்புங்க. கர்த்தர் உங்களோட இருப்பாராக. சந்திப்போம்.