மலைநாட்டில் வானொலி அலைகள்

வானொலி அலைகளின் இயல்பை அறிய ஹற்றன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களினும் சிறந்த ஆய்வுகூடம் வேறில்லை. ஒருகாலத்தில் இலங்கை வானொலி பயன்படுத்திய சிற்றலைகள் வானின் அயன மண்டலத்திற் பட்டு மீண்டமையால் மலைகளைப் பொருட்படுத்தவில்லை. பண்பலையோ ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வது. கோபுரத்தை நோக்கிய சரிவிலுள்ள லயத்திற் பாட்டுத் தெளிவாக ஒலிக்க, முகட்டுக்கு அப்பாலுள்ள லயத்தில் இரைச்சலே எஞ்சும்.

இக்குறையைத் தீர்க்கவல்லது செய்மதி வானொலி. வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஏவிய ஏசியாஸ்டார், நிலநடுக்கோட்டின்மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், 105 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நின்றது. மலைநாட்டிலிருந்து நோக்குவார்க்கு அது கிழக்கு வானில் 60 பாகை உயரத்தில் அமையும். பெரும்பாலான பள்ளத்தாக்குகளுக்கும் அஃது எட்டும். ஆனால், தனிக் கருவியும் சந்தாவும் வேண்டியிருந்தன. நாட்கூலி பெறுவோர்க்கு அவை எட்டுமா? நிறுவனமே 2008இல் கடனால் நொடித்தது. 2009 முடிவில் அதன் இந்தியச் சேவை நின்றது.

இணையவழி இசையில் விரும்பிய பாடலை விரும்பியபொழுது கேட்கலாம். எனினும், கைப்பேசிக் கோபுரத்தின் அலையையும் மலை மறைக்கும். மேலும், பண்பலையைப் பத்துப்பேர் கேட்பினும் பதினாயிரவர் கேட்பினும் ஒலிபரப்பும் செலவு ஒன்றே. இணையத்திலோ, நொடிக்கு 128 கிலோபிற்று வீதம் ஒரு மணிநேரம் கேட்பவர் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 58 மெகாபைற்றுத் தரவுக்குப் பணம் செலுத்தல் வேண்டும்.

பாட்டு மட்டுமே இங்குப் பொருளன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. மழையிரவில் மின்சாரம் தடைப்பட்டுக் கைப்பேசிக் கோபுரமும் ஓய்ந்தால், எச்சரிக்கையை ஏற்கவல்லது மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியே. அதற்கும் முகட்டின்மேல், சொந்த மின்னாக்கியுடன் ஒரு துணைப் பண்பலைக் கோபுரம் வேண்டும்.