பாசியின் நிறமும் மரபணுவின் எழுத்தும்

நீரின் தூய்மையை ஆராயும் ஃபிக்ஹு நூல்களில் ‘துஹ்லுப்’ என்றொரு சொல் வரும். நீர்ப்பாசி என்பது அதன் பொருள். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ உள்ளிட்ட ஷாஃபிஈ சட்ட நூல்கள், பாசியினால் நிறம் மாறினாலும் அந்நீர் உளூவுக்கு உகந்ததே எனக் கூறுகின்றன. பாசி படராமல் நீரைக் காப்பது அரிது என்பதே அதற்குக் காரணம். ஹவ்ளின் ஓரத்தில் பச்சை படர்ந்திருப்பினும் நாம் தயங்காமல் உளூச் செய்வது இந்த அடிப்படையில்தான். ஆயினும் அந்தப் பச்சை எத்தகையது, அதனால் கேடு உண்டா என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றுக்கு விடை தேடும் துறை பாசியியல். இந்தியாவில் அத்துறை வேரூன்றிய இடங்களுள் நமது சென்னை முதன்மையானது.

இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம்.ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் (1886–1963) சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தை வழிநடத்தியவர். ஈர மண்ணில் வாழும் பச்சைப்பாசி ஒன்றை 1932இல் அவர் விவரித்து, லண்டன் அறிஞர் ஃப்ரிட்ச் அவர்களைச் சிறப்பிக்கும் வகையில் ‘ஃப்ரிட்சியெல்லா’ எனப் பெயரிட்டார். மண்ணுக்குள் வேர் போன்ற இழைகளும், மேலே நிமிர்ந்த இழைகளும் அதற்கு உண்டு. ஆகவே நிலத் தாவரங்களின் தோற்றத்துக்கு அது வழிகாட்டுகிறது எனப் பாடநூல்கள் நெடுங்காலம் எழுதின. அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி, நீலப்பச்சைப்பாசிகளைப் பற்றி 1959இல் வெளியிட்ட பெருநூல் உலகெங்கும் ஆய்வாளர்களின் கைந்நூலாயிற்று.

இவ்விருவரின் கருவி நுண்ணோக்கி. வடிவத்தைக் கண்டு உறவை உணர்வதே அவர்களின் முறை. பின்னர் வந்த மரபணுத்தொகுதி ஆய்வோ, உயிரணுவுக்குள் எழுதப்பட்டுள்ள எழுத்துகளை வரிசையாகப் படித்து ஒப்பிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996இல் ‘சினெகோசிஸ்டிஸ்’ என்னும் நீலப்பச்சைப்பாசியின் ஏறத்தாழ 36 லட்சம் எழுத்துகளை முழுமையாகப் படித்தனர். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களுள் முதன்முதலில் முழுமையாகப் படிக்கப்பட்டது அதுவே. பெயரில் பாசி எனினும், இவ்வினம் உண்மையில் பாக்டீரியாவே.

ஃப்ரிட்சியெல்லாவின் நிலையும் தெளிவாயிற்று. நிலத் தாவரங்களுக்கு மிக நெருங்கிய உறவுடையவை வேறொரு கிளையைச் சேர்ந்த எளிய பாசிகள். ஃப்ரிட்சியெல்லாவின் ஒற்றுமை தோற்றத்தளவிலானது. அந்த எளிய பாசிகள் இரண்டின் மரபணுத்தொகுதிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, வறட்சியைத் தாங்கத் துணைபுரியும் சில மரபணுக்கள் மண்வாழ் பாக்டீரியாக்களிடமிருந்து வந்திருக்கக்கூடும் எனக் காட்டியது. அய்யங்காரின் விவரிப்பு இதனால் பிழையாகிவிடவில்லை. அவர் கண்டது கண்டபடியே நிற்கிறது. அதற்குக் கற்பிக்கப்பட்ட பொருளே மாறியிருக்கிறது.

இவ்வறிவு ஏட்டோடு நிற்பதன்று. ‘மைக்ரோசிஸ்டிஸ்’ என்னும் நீலப்பச்சைப்பாசி, தேங்கிய நீரில் பச்சை வண்ணம் கரைத்தாற்போல் படரும். அதன் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும், சில உண்டாக்கா. நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நஞ்சைத் தயாரிக்கும் மரபணுக்கள் 2000ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட பின்னரே, நஞ்சாக்கும் திறனுள்ள வகையைப் பிரித்தறிவது எளிதாயிற்று. பிரேசிலின் கருவாரு நகரில் 1996இல் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்திய நீரில் இந்நஞ்சு கலந்திருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் மாண்டனர். நீரைக் கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழிவதில்லை.

இனி நம் வடசென்னைக் கொடுங்கையூரை நோக்குவோம். மாநகரின் குப்பைமேடும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அமைந்த ஊர் அது. கழிவுநீரிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உணவு. கழிவு கலந்து தேங்கும் கால்வாயிலும் குட்டையிலும் பச்சை செழிப்பதற்கு அதுவே காரணம். அதே ஊரில் 2019 முதல், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள எதிர்ச்சவ்வூடு பரவல் நிலையம், சுத்திகரித்த கழிவுநீரை மேலும் தூய்மையாக்கி மணலித் தொழிற்சாலைகளுக்கு அளிக்கிறது. நிறமும் சுவையும் வாடையும் முற்றிலும் நீங்குமாறு சுத்திகரித்த கழிவுநீர் தூயதே எனச் சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர்கள் அவை 1978இல் முடிவு செய்தது. எனினும் உடல்நலம் கருதி அதைப் பருகாமல் தவிர்ப்பது நன்று என்றும் கூறியது.

இங்கே இரு வினாக்களைப் பிரித்தறிதல் வேண்டும். நீர் தூயதா என்பது ஒன்று. அது கேடு செய்யுமா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு நம் சட்ட நூல்கள் நிறம், சுவை, வாடை என்னும் மூன்று அளவுகோல்களைத் தந்துள்ளன. இரண்டாவதற்கு அவை மட்டும் போதா. ஆய்வகத்தின் சான்றும் வேண்டும். ஆதலால் பாசி படர்ந்த ஹவ்ளைத் தூய்மையற்றது எனத் தள்ளவும் வேண்டா. வண்ணம் கரைத்தாற்போன்ற பச்சை நீரை, கொதிக்க வைத்துவிட்டோம் என்னும் துணிவில் பருகவும் வேண்டா. பாசியை வழித்தெறிவதோடு அமையாது, அதற்கு உணவூட்டும் கழிவு நீரில் சேரும் வழியை அடைப்பதே நிலையான தீர்வாகும்.