தாலி போனாலும் போகாத பெயர்! பாட்டி கைப் பச்சை சொல்லும் கதை

திண்டிவனம்:-

தோட்டைக் கழற்றலாம். மூக்குத்தியைக் கழற்றலாம். அவசரத்துக்கு அடகுக் கடையில் வைக்கலாம். கையில் குத்திய பச்சையை என்ன செய்ய முடியும்?

திண்டிவனம் பஸ் நிலையத்தில் மயிலம், செஞ்சி, மரக்காணம் பஸ்களுக்குக் காத்திருக்கும் பாட்டிமார்களின் முன்கையைப் பாருங்கள். ஒருவர் கையில் புள்ளிக் கோலம். இன்னொருவர் கையில் தேள். வேறொருவருக்கு மோவாயில் ஒற்றைப் பொட்டு. சிலர் கையில் கோணல்மாணலாக ஒரு பெயர். அது யார் பெயர்? பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயர்தான்!

வாய் சொல்லாது, கை சொல்லும்!

கட்டிய புருஷன் பெயரை மனைவி வாயால் சொல்லக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று பயம்.

ஆனால் ரேஷன் கார்டுக்கு அந்தப் பெயர் வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு வேண்டும். வாக்காளர் பட்டியல் எடுக்க வருகிற வாத்தியாருக்கும் வேண்டும்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டால், "மயிலத்து சாமி பேருங்க" என்று பதில் வரும். அப்படியென்றால் முருகன். "திருவண்ணாமலை சாமி பேரு" என்றால் அருணாசலம். "சிங்கவரத்து சாமி பேரு" என்றால் ரங்கநாதன். மயிலத்து சாமிக்குத்தான் ஆயிரம் பெயராச்சே! முருகனா, சுப்பிரமணியா, வேலாயுதமா என்று குமாஸ்தா விழிப்பார். அம்மா பேசாமல் கையை நீட்டுவார். குமாஸ்தா பார்த்து எழுதிக்கொள்வார்.

புருஷன் செத்துப்போனால் பொட்டை அழித்தார்கள். பூவை எடுத்தார்கள். தாலியை அறுத்தார்கள். கையில் இருந்த பெயரை மட்டும் எந்த உறவுக்காரராலும் எடுக்க முடியவில்லை. "செத்தா கூட வர்றது பச்சை ஒண்ணுதான்" என்று கிராமத்துப் பெண்கள் சொல்வது சும்மா அல்ல. அந்தப் பெண்களிடமிருந்து யாரும் பிடுங்க முடியாத ஒரே சொத்து அது!

அகத்திக்கீரை மை

பச்சை குத்த ஊர் ஊராக வந்தவர்கள் குறவர் இனப் பெண்கள். அவர்கள் மை தயாரித்த விதத்தை 1909-ல் வெளிவந்த தென்னிந்திய சாதிகள் பற்றிய தமது நூலில் எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்திருக்கிறார்.

மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைப்பார்கள். அதை மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புது மண்சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உள்ளே படிகிற கரியைச் சுரண்டி, தண்ணீரோ தாய்ப்பாலோ விட்டுக் குழைத்தால் மை ரெடி. நாலைந்து தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். கூலி ஒரு புள்ளிக்குக் கால் அணா. பெரிய படம் என்றால் 12 அணா வரை.

கருப்பு மை ஏன் பச்சையாகத் தெரிகிறது? கரித்துகள் மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் போய்த் தங்கிவிடுகிறது. தோலின் ஊடே பார்க்கும்போது நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. மேல்தோல் உரிந்து உரிந்து புதிதாக வளரும். அடியில் இருக்கிற கரி அசையாது. அதனால்தான் எத்தனை சோப்பு போட்டாலும் போவதில்லை.

கரை வேட்டியை மாற்றலாம்...

ஆண்கள் கைக்கு அரசியலும் வந்தது. 1972-ல் அ.தி.மு.க.வைத் தொடங்கிய எம்.ஜி.ஆர்., அடுத்த சில ஆண்டுகளில், கட்சிக்காரர்கள் கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். தொண்டர்கள் வரிசையில் நின்று குத்திக்கொண்டார்கள். அவர்களில் பின்னால் கட்சி மாறியவர்கள் பாடுதான் திண்டாட்டம். கரை வேட்டியை மாற்றலாம், கையை மாற்ற முடியுமா?

2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் 68-வது பிறந்த நாளையொட்டி, சென்னையில் நூற்றுக்கணக்கானோர் அவர் படத்தைக் கையில் குத்திக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி அவர் மறைந்தார். கையில் இருக்கிற முகம் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

பிணத்துக்கு விலாசம்

"அடையாளம் தெரியாத ஆண் பிணம். வலது கையில் பச்சை குத்தப்பட்டுள்ளது." மாலைப் பத்திரிகை படிப்பவர்களுக்கு இது பழகிய வரி. சென்னை - திருச்சி ரோட்டில் இருந்து புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் பிரிகிற ஊர் திண்டிவனம். பக்கத்தில் ரெயில் பாதை வேறு. அடிபட்டவர் பையில் சீட்டு இல்லை, செல்போன் நொறுங்கிவிட்டது என்றால் போலீசார் முதலில் பார்ப்பது மச்சம், தழும்பு, பச்சை.

அங்கே ஒரு பெயர் இருந்தால் அது பாதி விலாசம்! அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, "ஐயோ, எங்க அண்ணன் கையிலே அம்மா பேரு இருக்குமே!" என்று ஸ்டேஷனுக்கு ஓடி வருபவர்கள் உண்டு. பெயர் இல்லாதவர் அனாதைப் பிணமாகப் புதைக்கப்படுகிறார். பெயர் உள்ளவர் வீடு போய்ச் சேருகிறார்.

தம்பிமார்களே, கவனியுங்கள்!

இப்போது மிஷின் வந்துவிட்டது. அம்மா பெயர், குழந்தையின் பாதம், காதலி பெயர் என்று வாலிபர்கள் குத்துகிறார்கள். தப்பில்லை. ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பட்டாளத்தில் சேர நினைப்பவர்களுக்கு முன்கையின் உள்பக்கமும் புறங்கையும் மட்டுமே அனுமதி. புஜத்திலும் கழுத்திலும் இருந்தால், ஓட்டத்தில் முதலாவதாக வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. மத்திய போலீஸ் படைகளில் சல்யூட் அடிக்கிற வலது முன்கையிலும் கூடாது.

திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் பத்துப் பேருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் தொற்றலாம். புது ஊசியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். குத்திய பிறகு 12 மாதத்துக்கு ரத்த தானம் செய்யக்கூடாது.

"பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துக்கொள்ளலாம்" என்பார்கள். அது ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. பல தடவை நடக்க வேண்டும். காசும் கரையும், வலியும் உண்டு. அப்படியும் தடம் மிஞ்சலாம்.

பாட்டிக்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை. பத்து வயதில் நாலு பேர் பிடித்துக்கொள்ளக் குத்தினார்கள். அப்படியும் அதை அவர் தன் சொத்தாக்கிக்கொண்டார். உங்களுக்கோ யோசிக்க நேரம் இருக்கிறது. கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு ராத்திரி யோசியுங்கள். குத்துகிற வலி அரை மணி நேரம். பெயர் ஆயுசுக்கும்!